லீ யோங் டே ஏன் 28 வயதில் விலகினார்? கொரிய இரட்டையர் பாட்மின்டன் இயங்கும் விதம்

2024 ஆகஸ்ட் 5 அன்று பாரிஸ் ஒலிம்பிக் மகளிர் ஒற்றையரில் தங்கம் வென்ற தென் கொரியாவின் ஆன் சே யங், பதக்கத்தின் ஈரம் காயும் முன்பே தம் நாட்டு பாட்மின்டன் சங்கத்தைப் பகிரங்கமாகக் குறை கூறினார். காயத்தைக் கையாண்ட விதம், பயிற்சி முறை, விளம்பர ஒப்பந்தக் கட்டுப்பாடு என்று நீண்ட அந்தக் குற்றச்சாட்டுகளை ஒட்டி, வெளியுலகம் அதிகம் அறியாத ஒரு விதியும் பேசுபொருளானது. தேசிய அணியை விட்டு விலகும் வீரர், குறிப்பிட்ட வயதை எட்டும் வரை சொந்த முறையில் சர்வதேசத் தொடர்களில் ஆட முடியாது என்பதே அந்த விதி.

அதன் வரலாற்றைத் தேடிப் போகிறவர்கள் தவறாமல் வந்து சேரும் பெயர் லீ யோங் டே. அவருடைய ஆட்ட வாழ்க்கையை மேலோட்டமாகப் பார்த்தால் சில முரண்கள் குழப்பும். 19 வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர், உலகச் சாம்பியன் பட்டத்தை ஒருமுறைகூட வெல்லவில்லை. ஊக்கமருந்து விதியின் கீழ் ஓராண்டுத் தடை பெற்றவர், மூன்று மாதங்களுக்குள் அதிலிருந்து விடுபட்டார். உலகத் தரவரிசையின் முதலிடத்தில் இருந்தபடி ஒலிம்பிக்குச் சென்றவர், அடுத்த சில வாரங்களில் தேசிய அணியிலிருந்து விலகிவிட்டார். இவற்றுக்கான விடைகளில் பாதி ஆட்டத்தின் தன்மையிலும், மறுபாதி கொரிய அமைப்பின் விதிப்புத்தகத்திலும் இருக்கின்றன.

இரட்டையர் ஆட்டத்தின் அடிப்படைகள்

ஒற்றையர் ஆட்டத்துக்கு 5.18 மீட்டர் அகலமுள்ள களம். இரட்டையருக்கு அது 6.10 மீட்டர். நீளம் இரண்டுக்கும் 13.40 மீட்டர்தான். ஆள் எண்ணிக்கை இரு மடங்கு ஆகும்போது இடம் ஒரு மீட்டருக்கும் குறைவாகவே கூடுவதால், இரட்டையரில் ஓட்டத்தைவிட எதிர்வினை வேகத்துக்கே மதிப்பு அதிகம். தாக்கும்போது ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் நிற்பார்கள். தற்காக்கும்போது இருவரும் பக்கவாட்டில் பிரிந்து ஆளுக்கொரு பாதியைக் காப்பார்கள். ஒரு நிலையிலிருந்து மற்றதற்கு மாறும் அந்தக் கணத்தில் யார் எங்கே போக வேண்டும் என்று கேட்டுச் சொல்ல நேரம் கிடையாது. பல மாதங்கள் சேர்ந்து ஆடிய பழக்கம்தான் அங்கே கைகொடுக்கும்.

இதற்கு மேல், செய்தித்தாளின் முடிவுப் பட்டியலில் தெரியாத இரண்டு விதிகள் இருக்கின்றன. லீ யோங் டேயின் வாழ்க்கையில் இவை திரும்பத் திரும்பக் குறுக்கிடுகின்றன.

1. இரட்டையர் தரவரிசை ஜோடிக்கு உரியது. கடந்த 52 வாரங்களில் ஒரு ஜோடி சேர்ந்து ஆடிய தொடர்களில் சிறந்த 10 முடிவுகளின் புள்ளிகள் கூட்டப்படும். ஜோடி பிரிந்தால், உலகின் சிறந்த வீரரே ஆனாலும், புதிய இணையுடன் ஏறத்தாழ அடியிலிருந்துதான் ஏற வேண்டும்.

2. ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் 2 ஜோடிகள். அதுவும் இரண்டும் உலகின் முதல் 8 இடங்களுக்குள் இருந்தால் மட்டுமே. கொரியா போல ஆண்கள் இரட்டையரில் நான்கைந்து வலுவான ஜோடிகளை ஒரே காலத்தில் வைத்திருக்கும் நாட்டில், உலகச் சாம்பியன்களே ஒலிம்பிக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்க நேரும். 2014இல் உலகப் பட்டம் வென்ற கோ சுங் ஹியுன், ஷின் பேக் சோல் ஜோடிக்கு 2016 ரியோவில் இடம் கிடைக்கவில்லை.

ஆகவே இரட்டையர் வீரர் ஒருவரின் வாழ்க்கையைத் தனி மனிதரின் ஏற்ற இறக்கமாக வாசித்தால் கணக்கு தப்பும். யாருடன், எந்த ஆண்டுகளில், யாருடைய முடிவால் சேர்ந்து ஆடினார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கொரியாவில் அந்த முடிவு பெரும்பாலும் தேசிய அணிப் பயிற்சியாளர்களின் கையில்தான் இருக்கிறது.

ஹ்வாசுனிலிருந்து தேரூங் வரை

தென் ஜொல்லா மாகாணத்தின் ஹ்வாசுன் வட்டத்தில் 1988 செப்டம்பர் 11 அன்று பிறந்தவர் லீ யோங் டே. (கொரியாவில் குடும்பப் பெயர் முன்னால் வரும். எனவே இக்கட்டுரையில் வரும் லீக்கள் எல்லாரும் உறவினர்கள் அல்லர்.) தொடக்கப் பள்ளியில் உடல் எடையைக் குறைப்பதற்காகத் தொடங்கிய ஆட்டம், 2003இல், நடுநிலைப் பள்ளியின் கடைசி ஆண்டிலேயே அவரைத் தேசிய அணிக்குக் கொண்டு சென்றது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் 2007இல் சாம்சங் எலக்ட்ரோ மெக்கானிக்ஸ் நிறுவன அணியில் சேர்ந்தார்.

கொரிய வீரருக்கு இரண்டு வீடுகள் உண்டு என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். சம்பளம் தருவது நிறுவன அணி அல்லது நகராட்சி அணி. ஆனால் தேசிய அணிக்குத் தேர்வானவர் ஆண்டின் பெரும்பகுதியைப் பயிற்சி முகாமில், அதாவது அந்நாளில் சியோலின் தேரூங்கிலும் பின்னர் ஜின்சோனிலும் கழிப்பார். எந்தத் தொடரில் ஆடுவது, யாருடன் ஆடுவது, எந்த நிறுவனத்தின் ராக்கெட்டைப் பிடிப்பது என்பவற்றைத் தேசியச் சங்கமே தீர்மானித்தது. சம்பளம் ஓரிடம், அதிகாரம் வேறிடம் என்ற இந்தப் பிளவைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் சிக்கல்கள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

பெய்ஜிங் 2008: தங்கமும் அதனுடன் வந்த விலக்கும்

2008 ஒலிம்பிக்கில் அவர் இரு பிரிவுகளில் ஆடினார். எதிர்பார்ப்பு அதிகம் இருந்தது ஆண்கள் இரட்டையரில். ஏனெனில் அதே ஆண்டு மார்ச்சில் ஜுங் ஜே சுங்குடன், பாட்மின்டனின் பழம்பெரும் தொடரான ஆல் இங்கிலாந்தின் பட்டத்தை வென்றிருந்தார். அங்கே முதல் சுற்றிலேயே டென்மார்க்கின் லார்ஸ் பாஸ்கே, யோனாஸ் ராஸ்முஸன் ஜோடியிடம் தோற்று வெளியேறினார்கள். ஆல் இங்கிலாந்து இறுதியில் இவர்களிடம் தோற்றிருந்த சக கொரியர்களான லீ ஜே ஜின், ஹ்வாங் ஜி மான் இணைதான் அதே டென்மார்க் ஜோடியை வென்று வெண்கலம் பெற்றது.

தங்கம் வந்தது கலப்பு இரட்டையரில். ஏழு வயது மூத்தவரான லீ ஹியோ ஜுங்குடன் ஆடிய அவர், ஆகஸ்ட் 17 அன்று நடந்த இறுதியில் இந்தோனேசியாவின் நோவா விடியான்டோ, லிலியானா நட்சிர் ஜோடியை 21–11, 21–17 என்று வீழ்த்தினார். எதிரே நின்றவர்கள் 2005, 2007 உலகச் சாம்பியன்கள் என்பதை நினைத்தால் இந்த எண்களின் எடை தெரியும். கலப்பு இரட்டையரில் வழக்கமாகப் பெண் வலையருகிலும் ஆண் பின்களத்திலும் நிற்பார்கள். லீ ஹியோ ஜுங் நல்ல உயரம் கொண்டவர். வலையருகே அவர் நீட்டிய ராக்கெட்டைத் தாண்டி ஷட்டிலை அனுப்ப எதிரணியினர் உயர்த்தித்தான் அடிக்க வேண்டியிருந்தது. உயர்ந்து வந்ததையெல்லாம் பின்னாலிருந்து அடித்து முடிப்பது 19 வயதுக்காரரின் வேலை. வென்ற பின் கேமராவைப் பார்த்து அவர் கண்சிமிட்டிய காட்சி கொரியாவில் அவரை ஒரே இரவில் வீட்டுப் பிள்ளையாக்கியது என்பது உண்மைதான். ஆயினும் ஆட்ட வாழ்க்கையின் போக்கில் அந்தப் புகழைவிடப் பெரிய விளைவு வேறொன்று.

கொரிய ஆண்கள் அனைவருக்கும் இராணுவப் பணி கட்டாயம். அக்காலத்தில் அது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். ஒலிம்பிக்கில் ஏதேனும் ஒரு பதக்கமோ, ஆசிய விளையாட்டில் தங்கமோ வென்றவருக்கு மட்டும் சட்டம் வேறு வழி தருகிறது. சில வார அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டு, 34 மாதங்கள் தம் விளையாட்டுத் துறையிலேயே பணியாற்றினால் போதும். இதை முழு விலக்கு என்று செய்திகள் எழுதுவது துல்லியமல்ல. மாற்றுப் பணி என்பதே சரி. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் இதே லீ ஹியோ ஜுங்குடன் கலப்பு இரட்டையர் தங்கம் வென்ற ஷின் பேக் சோலுக்கும் அந்த வழி திறந்தது. பதக்கம் இல்லாத வீரர்களில் திறமையானவர்கள் இராணுவ விளையாட்டு அணியான சாங்முவில் சேர்ந்து ஆட்டத்தைத் தொடரலாம் என்றாலும், அதற்கு இடங்கள் குறைவு. லீ யோங் டேயைப் பொறுத்தவரை, 20 வயது நிறையும் முன்பே இந்தக் கவலை தீர்ந்துபோனதால், இருபதுகள் முழுவதையும் இடைவெளியின்றி ஆட முடிந்தது.

ஜுங் ஜே சுங்: நீண்ட முதல் அத்தியாயம்

அவருடைய ஆண்கள் இரட்டையர் வாழ்க்கையின் முதல் பாதி ஜுங் ஜே சுங்குடன் கழிந்தது. ஜுங் ஆறு வயது மூத்தவர்; உயரம் 168 செ.மீ. அளவில்தான். ஆனால் பின்களத்திலிருந்து எகிறி அவர் அடிக்கும் ஸ்மாஷ் அக்காலத்தின் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. 180 செ.மீ. உயரமுள்ள லீ முன்களத்தில் நின்று, எதிரணியின் தற்காப்பு ஷட்டிலைத் தட்டையான டிரைவ்களாலும் வலையோரத் தட்டல்களாலும் தடுத்து, மறுபடியும் ஜுங்குக்கு அடிக்கத் தோதாக உயரும்படி செய்வார். உயரமானவர் பின்னால், குள்ளமானவர் முன்னால் என்ற பொதுவான எதிர்பார்ப்புக்கு நேர்மாறான அமைப்பு இது. இந்த ஜோடியைப் பற்றிப் பேசுவோர் ஜுங்கின் ஸ்மாஷையே முதலில் சொல்வார்கள். என் மதிப்பீட்டில், அந்த ஸ்மாஷுக்கான வாய்ப்பை மூன்று ஷாட்களுக்கு முன்பே தயார் செய்த லீயின் கைதான் ஜோடியின் மூளை. பின்னாளில் இணைகள் மாறியும் அவர் முதலிடத்துக்குத் திரும்பியதற்கு இதுவே காரணம்.

இருவரும் சேர்ந்து 2007இல் கோலாலம்பூரிலும் 2009இல் ஹைதராபாத்திலும் உலகச் சாம்பியன்ஷிப் இறுதிக்கு வந்தனர். முதலாவதில் இந்தோனேசியாவின் மார்கிஸ் கிடோ, ஹெண்ட்ரா செட்டியவானிடமும், இரண்டாவதில் சீனாவின் காய் யுன், ஃபூ ஹைஃபெங்கிடமும் தோற்றனர். 2011இல் வெண்கலம். 2012 மார்ச்சில் ஆல் இங்கிலாந்து இறுதியில் அதே காய், ஃபூ ஜோடியை வென்றபோது, லண்டன் ஒலிம்பிக் தங்கத்துக்கு இவர்கள்தான் உரியவர்கள் என்று நம்பக் காரணம் இருந்தது.

லண்டன் அரையிறுதி மூன்று கேம்கள் நீண்டது. டென்மார்க்கின் மத்தியாஸ் போ, கார்ஸ்டன் மோகென்சன் இணைக்கு எதிராக முதல் கேமை 21–17 என்று எடுத்த கொரியர்கள், இரண்டாவதை 18–21 என்றும், கடைசியை 20–22 என்றும் இழந்தனர். 2006க்கு முன்பு, சர்வீஸ் கையில் இருக்கும் அணிக்கு மட்டுமே புள்ளி என்ற முறை இருந்தது. அதன் பிறகு வந்த 21 புள்ளி முறையில் ஒவ்வொரு ரேலிக்கும் புள்ளி உண்டு. இரட்டையரில் இரண்டாவது சர்வீஸ் வாய்ப்பும் போய்விட்டது. 20–20இல் நிற்கும் ஜோடிக்குப் பழைய முறையில் கிடைத்த மூச்சுவிடும் இடம் புதிய முறையில் இல்லை. இறுதி ஆட்டத்துக்கும் வெண்கல ஆட்டத்துக்கும் இடையில் அன்று இருந்தது இரண்டு ரேலிகள். அடுத்து, மலேசியாவின் கூ கீன் கீட், டான் பூன் ஹியோங் ஜோடியை 23–21, 21–10 என்று வென்று வெண்கலம் பெற்றனர்.

அந்த ஒலிம்பிக்கை உலகம் நினைவில் வைத்திருப்பது வேறொரு காரணத்துக்காக. காலிறுதியில் வசதியான எதிரணி கிடைக்க வேண்டும் என்று மகளிர் இரட்டையர் குழுச் சுற்றில் வேண்டுமென்றே தோற்க முயன்ற நான்கு ஜோடிகள் தகுதிநீக்கம் செய்யப்பட்டன. அவற்றுள் இரண்டு கொரிய ஜோடிகள். அதில் ஒருவரான ஹா ஜுங் யுன், அதே லண்டனில் லீயின் கலப்பு இரட்டையர் இணை. அந்தப் பிரிவில் இருவரும் குழுச் சுற்றைத் தாண்டவில்லை.

லண்டனுக்குப் பின் ஜுங் ஓய்வு பெற்றுப் பயிற்சியாளரானார். 2018 மார்ச்சில், 35 வயதிலேயே மாரடைப்பால் காலமானார்.

தடை, அதன் நீக்கம்: 2014இல் நடந்தது என்ன?

ஜுங்குக்குப் பின் கோ சுங் ஹியுனுடன் சிறிது காலம் ஆடிய லீ, 2013 இலையுதிர் காலத்தில் யூ யோன் சோங்குடன் சேர்க்கப்பட்டார். சேர்ந்த வேகத்திலேயே டென்மார்க் ஓபனை வென்ற இந்த ஜோடி, 2014 ஜனவரியில் திடீரென முடங்கியது. உலக பாட்மின்டன் கூட்டமைப்பு லீ யோங் டேக்கும் கிம் கி ஜுங்குக்கும் ஓராண்டுத் தடை விதித்தது. "ஊக்கமருந்துத் தடை" என்ற தலைப்புகள் இன்றும் இணையத்தில் கிடைப்பதால், படிப்படியாகப் பிரித்துச் சொல்வது நல்லது.

1. முன்னணி வீரர்கள் ஒரு பதிவுப் பட்டியலில் இருப்பார்கள். ஒவ்வொரு காலாண்டுக்கும், நாள்தோறும் எங்கே தங்குவார்கள், எந்த ஒரு மணி நேரத்தில் சோதனைக்குக் கிடைப்பார்கள் என்பதை அவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். முன்னறிவிப்பு இல்லாத சோதனைக்கு இதுவே அடிப்படை.

2. விவரம் தராமல் இருப்பதும், தந்த இடத்தில் இல்லாமல் இருப்பதும் தலா ஒரு தவறு. அப்போதைய விதிப்படி 18 மாதங்களுக்குள் மூன்று தவறுகள் சேர்ந்தால் அதுவே விதிமீறல். மருந்து எதுவும் எடுத்தாரா என்ற கேள்வியே எழாது. (2015 முதல் இந்தக் கால அளவு 12 மாதங்கள்.)

3. கொரிய வீரர்களின் இருப்பிட விவரங்களைக் கையாண்டது அவர்கள் அல்லர்; சங்கம். சோதனையாளர்கள் தேரூங் முகாமுக்கு வந்தபோது வீரர்கள் போட்டிகளுக்காக வேறிடத்தில் இருந்தார்கள். மாற்றப்பட்ட விவரம் அமைப்பில் ஏற்றப்படவில்லை. 2013இல் இப்படி மூன்று தவறுகள் சேர்ந்தன.

4. இருவரும் எந்தச் சோதனையிலும் தோற்கவில்லை. எந்தச் சோதனையையும் மறுக்கவும் இல்லை. சங்கம் தன் நிர்வாகத் தவறை ஏற்றுக்கொண்டு, விளையாட்டு நடுவர் மன்றத்தை நாடியது. அந்த வழக்கு முடியும் முன்பே, புதிய ஆதாரங்களின் அடிப்படையில் கூட்டமைப்பின் விசாரணைக் குழு ஏப்ரலில் தடையை விலக்கிக்கொண்டது. சங்கத்துக்கு 40,000 டாலர் அபராதம்.

தடை நீடித்திருந்தால் 2015 ஜனவரி வரை ஆட முடியாது. அதாவது கோபன்ஹேகன் உலகச் சாம்பியன்ஷிப், சொந்த மண்ணில் நடந்த இஞ்சோன் ஆசிய விளையாட்டு, ஆண்டிறுதியில் துபாயில் நடந்த சூப்பர் சீரிஸ் இறுதித் தொடர் ஆகிய மூன்றும் போயிருக்கும். நடந்ததோ வேறு. ஆகஸ்டில் உலக வெள்ளி, செப்டம்பரில் ஆசிய விளையாட்டின் ஆண்கள் குழுப் பிரிவில் சீனாவை வென்று தங்கம், இரட்டையரில் வெள்ளி, டிசம்பரில் துபாய்ப் பட்டம். எந்தத் தவறும் செய்யாத யூ யோன் சோங்குக்கும் இந்தத் தடை இதே இழப்பைத் தந்திருக்கும் என்பதை அன்றைய விவாதங்களில் பலர் கவனிக்கவில்லை. புள்ளிகள் ஜோடிக்கு உரியவை; ஒருவர் முடங்கினால் மற்றவருக்கும் அதுவே கதி.

உலகப் பட்டம் ஏன் கிட்டவில்லை?

மூன்று வெள்ளிகள், 2011இலும் 2015இலும் ஆண்கள் இரட்டையர் வெண்கலம், 2009இல் கலப்பு இரட்டையர் வெண்கலம். உலகச் சாம்பியன்ஷிப்பில் அவர் சேர்த்தவை இவை. தங்கம் மட்டும் இல்லை. இதைப் பெரிய போட்டிகளில் தடுமாறும் குணம் என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெய்ஜிங் இறுதியில் ஆடிய விதமும், இரண்டு ஆல் இங்கிலாந்துப் பட்டங்களும் அதை மறுக்கின்றன. தோற்ற மூன்று இறுதிகளிலும் எதிரே நின்றவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். கிடோவும் செட்டியவானும் அடுத்த ஆண்டே ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள். காயும் ஃபூவும் லண்டன் தங்கத்துக்குச் சொந்தக்காரர்கள்.

மூன்றாவது இறுதிதான் விசித்திரமானது. 2014 கோபன்ஹேகனில் லீயையும் யூவையும் வீழ்த்திய கோ சுங் ஹியுன், ஓராண்டுக்கு முன்பு வரை லீயின் இணை. அவருடன் நின்ற ஷின் பேக் சோல், லீ ஹியோ ஜுங்குடன் ஆசியத் தங்கம் வென்றவர். களத்தின் இருபுறமும் ஒரே முகாமில் உண்டு உறங்கிப் பயிற்சி பெற்ற நால்வர். ஒருவரின் அடுத்த அடியை மற்றவர் அறிவார். தரவரிசை அத்தகைய ஆட்டத்தில் பெரிதாக உதவாது. வலுவான பல ஜோடிகளை ஒரே கூடத்தில் வளர்க்கும் கொரிய முறையின் பலம், தன் முதல் ஜோடிக்கே எதிராகத் திரும்பிய நாள் அது.

ரியோவும் விலகலும்

2015 இலையுதிர் காலத்தில் ஜப்பான், கொரியா, டென்மார்க், பிரெஞ்சு ஓபன்களை அடுத்தடுத்து வென்ற லீயும் யூவும், 2016 ரியோவுக்கு உலகின் முதல் ஜோடியாகச் சென்றனர். காலிறுதியில் மலேசியாவின் கோ வி ஷெம், டான் வீ கியோங்கிடம் முதல் கேமை 21–17 என்று வென்ற பிறகு, 18–21, 19–21 என்று அடுத்த இரண்டையும் இழந்தனர். வென்ற மலேசியர்கள் இறுதி வரை சென்று வெள்ளி பெற்றார்கள். கொரிய பாட்மின்டனுக்கு ரியோவில் கிடைத்த ஒரே பதக்கம் மகளிர் இரட்டையர் வெண்கலம். அதை வென்றவர்களில் ஒருவரான ஜுங் கியுங் யுன், லண்டனில் தகுதிநீக்கம் செய்யப்பட்டவர்களில் ஒருவர்.

அக்டோபர் 2 அன்று சோங்னாமில் கொரிய ஓபன் இறுதியில் சீனாவின் லீ ஜுன்ஹுய், லியு யுசென் ஜோடியை வென்று பட்டத்தைத் தூக்கிய லீ, அதையே தேசிய அணிக்கான தம் கடைசி ஆட்டமாக்கிக்கொண்டார். வயது 28. இரட்டையரில் முப்பதுகளின் நடுப்பகுதி வரை உச்சத்தில் ஆடியவர்கள் உண்டு என்பதால்தான் இந்த விலகல் வெளிநாட்டு ரசிகர்களைக் குழப்பியது. அவர் விட்டது பாட்மின்டனை அன்று, தேசிய அணியை. 13 ஆண்டு முகாம் வாழ்க்கைக்குப் பின் நிறுவன அணிக்காகவும் வெளிநாட்டு லீக்குகளிலும் ஆடிப் பொருளீட்டும் பாதை மிச்சமிருந்தது. 2017இல் யோனெக்ஸ் அணிக்கு மாறினார். அதே ஆண்டு ஜனவரியில் இந்தியாவின் பிரீமியர் பாட்மின்டன் லீக் இறுதியில் சென்னை ஸ்மாஷர்ஸிடம் 4–3 என்று தோற்ற மும்பை ராக்கெட்ஸ் அணியில் அவர் இருந்தார்.

வயது வரம்பு விதி எப்படி வேலை செய்தது?

அணியை விட்டால் சொந்தச் செலவில் போய் ஆடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் விதி குறுக்கே நின்றது.

1. உலகக் கூட்டமைப்பின் தொடர்களுக்கு வீரர் தாமாகப் பெயர் கொடுக்க முடியாது. தேசியச் சங்கத்தின் வழியாகவே பதிவு நடக்கும். சங்கம் பதிவு செய்ய மறுத்தால், உலகின் முதல்நிலை வீரராக இருந்தாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

2. கொரியச் சங்கம், தேசிய அணியில் இல்லாத ஆண்களுக்கு 31 வயதும் பெண்களுக்கு 29 வயதும் நிறைந்தால்தான் இந்தப் பதிவைச் செய்வது என்று விதி வைத்திருந்தது.

3. சங்கத்தின் தரப்பில் காரணம் இல்லாமல் இல்லை. பள்ளிப் பருவத்திலிருந்து ஒரு வீரரை வளர்க்கப் பொதுப் பணம் செலவாகிறது. தாமஸ் கோப்பை, சுதிர்மான் கோப்பை போன்ற குழுப் போட்டிகளுக்குச் சிறந்தவர்கள் வேண்டும். உபகரண நிறுவனத்தின் ஆதரவுத் தொகையும் நட்சத்திரங்கள் தேசிய அணியில் இருப்பதை நம்பியே வருகிறது. அந்தத் தொகையில்தான் இளையோர் அணிகளும் பயணம் செய்கின்றன. முன்னணி வீரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றால் அமைப்பே சரியும் என்பது அச்சம்.

4. வீரர் தரப்பின் வாதம் இன்னும் நேரடியானது. விளையாட்டு வீரருக்குச் சம்பாதிக்கக் கிடைப்பது சில ஆண்டுகள். அந்த ஆண்டுகளைத்தான் விதி பறிக்கிறது. தொழில் செய்யும் உரிமையை ஒரு சங்கத்தின் உள்விதி முடக்கலாமா?

இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்கள் கோ சுங் ஹியுனும் ஷின் பேக் சோலும். 2018இல் சியோலில் உள்ள நீதிமன்றம் அவர்கள் கேட்டபடி அந்த விதிக்கு இடைக்காலத் தடை விதித்து, ஆட வழிவிட்டது. அதன் பின் விதி தளர்ந்தது: தேசிய அணியில் 5 ஆண்டுகள் ஆடி, ஆண்கள் 28 வயதும் பெண்கள் 27 வயதும் நிறைந்திருந்தால் தனியாக ஆடலாம். 2024இல் ஆன் சே யங்கை முன்வைத்துப் பேசப்பட்டது இந்தத் தளர்த்தப்பட்ட வடிவம்தான். அவருக்கு அப்போது வயது 22. பழைய விதி நீதிமன்றத்தில் அடிபட்டும் அதன் எலும்புக்கூடு நிற்கிறது என்பதைக் கொரியக் கலாசார, விளையாட்டு அமைச்சகமே அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட இடைக்கால விசாரணை முடிவில் சுட்டிக்காட்டி, நீக்கும்படி வலியுறுத்தியது. ராக்கெட், காலணி முதலியவற்றைச் சங்கம் குறிப்பிடும் நிறுவனத்திடமே பெற வேண்டும் என்ற கட்டாயத்தையும் அது கண்டித்தது. ஒலிம்பிக் விளையாட்டுகளில் அத்தகைய கட்டாயம் பாட்மின்டன், குத்துச்சண்டை ஆகிய இரண்டில் மட்டுமே இருப்பதாக அமைச்சகம் கூறியது.

திரும்பி வந்தபின்

2018 முதல் லீ மீண்டும் சர்வதேசத் தொடர்களில் ஆடினார். இணை, 2014இல் அவருடன் தடை பெற்ற அதே கிம் கி ஜுங். 2020 ஜனவரியில் மலேசியா மாஸ்டர்ஸ் இறுதியில் இருவரும் வென்றது லீ ஜுன்ஹுய், லியு யுசென் ஜோடியை. 2018இன் உலகச் சாம்பியன்கள் அவர்கள். 31 வயதில், தேசிய அணியின் பயிற்சி வசதிகள் எதுவும் இல்லாமல் கிடைத்த இந்தப் பட்டம், 28 வயதில் அவர் தீர்ந்துபோயிருக்கவில்லை என்பதற்குப் போதுமான சான்று. ஆனால் டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தரவரிசைப் புள்ளிகளைத் திரட்ட அவர்களால் முடியவில்லை. தேசிய அணி ஜோடிகளைச் சங்கமே ஆண்டு முழுவதும் அனுப்பி வைக்கும். இவர்களோ புதிய ஜோடியாக அடியிலிருந்து ஏற வேண்டியிருந்தது. கொரியாவின் இடத்தில் சோய் சோல் கியுவும் சோ சுங் ஜேயும் சென்றனர்.

2008க்குப் பின் கொரிய பாட்மின்டனின் அடுத்த ஒலிம்பிக் தங்கம் பாரிஸில் ஆன் சே யங்குடையதே. இடையில் 16 ஆண்டுகள். அதே பாரிஸில் கலப்பு இரட்டையர் வெள்ளி பெற்ற கிம் வோன் ஹோ, 1996இல் அதே பிரிவின் தங்கத்தை வென்ற கில் யங் ஆவின் மகன். 2025 ஜனவரியில் கிம் வோன் ஹோவும் சோ சுங் ஜேயும் ஆண்கள் இரட்டையரில் மறுபடியும் இணைந்தனர். மார்ச்சில் ஆல் இங்கிலாந்து, ஆகஸ்டில் உலகச் சாம்பியன்ஷிப் என்று வென்று, அந்த ஆண்டிலேயே முதலிடத்தைப் பிடித்தார்கள். அவர்கள் இணைந்த அதே ஜனவரியில் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கிம் டோங் மூன். 1996இல் கில் யங் ஆவுடன் தங்கம் வென்றவரும், 2004 ஏதென்ஸில் ஆண்கள் இரட்டையர் தங்கம் வென்றவரும் அவரே. தேசிய அணிக்கு வெளியே இருக்கும் வீரரின் பெயரைப் பதிவு செய்வதா வேண்டாமா என்ற முடிவு, அன்று அந்த முகாமில் வாழ்ந்து வந்த ஓர் இரட்டையர் வீரரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.